வலது கைக்கான பயிற்சிகள்

ஆகஸ்ட் 7, வியாழன்

இது அப்பாவுக்கான நோட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் பிசியோதெரபி அக்கா இன்று வாங்கிவந்து கொடுத்தார். பெயர் ஜெசிந்தா. சாத்தூர்க்காரர். முன்பக்கத்திலிருந்து ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, மேலே நான்கு தலைப்பு எழுதினார். பிடி, விடு, கால், நடை. காலையும் மாலையும் அப்பாவைச் செய்யவைத்து நான் டிக் போடவேண்டும். வியாழக்கிழமை வந்து பார்ப்பாராம்.

"பின்பக்கம் சும்மாதான் கிடக்கும். அதுல நீ எது வேணா எழுதிக்க. நான் திருப்பிப் பாக்க மாட்டேன். எங்கிட்டதான் பேச மாட்டேங்கற, நோட்டுக்கிட்டயாவது பேசு" என்றார்.

நான் தலையாட்டினேன். பக்கத்து வீட்டு மாரிக்கனி அத்தை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பேரு மட்டும் பேச்சியம்மா. இது வாயத் திறந்து நானே பாத்ததில்ல, உங்கிட்டயா பேசப்போகுது" என்றார். எல்லோரும் சொல்வதுதான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எனக்குப் பதினாறு வயது. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். இடது காது கேட்காது. வகுப்பில் டீச்சர் எந்தப் பக்கத்திலிருந்து கேள்வி கேட்கிறார் என்று தெரியாமல் வேறு பக்கம் பார்ப்பேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால் போகவில்லை. காது போனது குழாயடியில் வழுக்கி விழுந்ததில் என்று அம்மா டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அப்போதும் தலையாட்டினேன்.

அப்பா பெயர் சோலையப்பன். விருதுநகர் பருப்பு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஜூலை ஏழாம் தேதி மூட்டையோடு சரிந்தார். வாதம். வலது கை, வலது கால், பேச்சில் பாதி போய்விட்டது. அம்மா பருப்பு மில்லில் கல் பொறுக்குகிறாள். காலை எட்டுக்குப் போனால் ஆறுக்கு வருவாள். நான் வீட்டில் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பயிற்சி இப்படி. ஜன்னல் கம்பியில் பழைய சேலையைக் கட்டியிருக்கிறோம். அதை இடது கையால் பிடித்து அப்பா எழுந்து உட்காரவேண்டும். வலது உள்ளங்கையில் ரப்பர் பந்தை வைத்து "பிடிங்க" என்று சொல்லவேண்டும். பிறகு "விடுங்க". பிறகு கால். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு கதவுவரை நடை.

இந்தக் கை இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நோஞ்சான் என்றுதான் அப்பா என்னைக் கூப்பிடுவார். இன்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். எழுந்துவிட்டார். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

அக்கா வந்தார். "மொத ஆறு மாசம்தான் முக்கியம், பேச்சி. வர்ற தெம்பெல்லாம் அதுக்குள்ள வந்துரணும். அதுக்குப் பெறகு வர்றது கொஞ்சந்தான். ஒரு நாள்கூட விட்டுராத" என்றார்.

காலண்டரில் பார்த்தேன். ஜனவரி ஏழு.

இன்னொன்றும் சொன்னார். "பிடிக்கிறது சீக்கிரம் வந்துரும். விடறதுதான் கஷ்டம். சில பேருக்குப் பிடிச்ச கை பிடிச்சபடியே நின்னுரும்."

ஆகஸ்ட் 16, சனி

பிடிக்கச் சொன்னபோது அப்பாவின் சுண்டு விரல் அசைந்தது. இரண்டு முறை. அம்மா வந்ததும் சொன்னேன். சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லது" என்றாள். கஞ்சி கொஞ்சம் அவள் கையில் கொட்டிவிட்டது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மழை. தரையெல்லாம் ஈரம், வழுக்கும். நடை இல்லை. மற்றதும் செய்யவில்லை. நோட்டில் இடைவெளி விழக்கூடாது என்று டிக் போட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

அப்பா தூங்கினார். எழுப்ப மனம் வரவில்லை. டிக்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அக்கா நோட்டைப் பார்த்தார். "பரவாயில்லையே, ஒரு கட்டம் விடல" என்றார். எனக்கு ஒரு பேனா கொடுத்தார். நீல மை.

ஆகஸ்ட் 30, சனி

இட்லிக்கு அரைத்தேன். மாவு நன்றாகப் பொங்கியது. அப்பாவுக்கு மூன்று இட்லி பிய்த்து ஊட்டினேன். பந்தைக் காணவில்லை. மாலையில் பீரோவுக்கு மேல் இருந்தது. நான்தான் வைத்திருப்பேன்.

டிக்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அம்மா கண்ணாடி வளையல் வாங்கிவந்திருக்கிறாள். பச்சை, கைக்கு ஆறு. எனக்கு நினைவு தெரிந்து அவள் பிளாஸ்டிக் வளையல்தான் போடுவாள். உடைந்தால் கையைக் கிழிக்கும் என்பாள். பாத்திரம் கழுவும்போது சத்தம் வந்தது. அப்பா அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 17, புதன்

சமையலறைக் கதவைத் துடைத்தேன். அந்தக் கதவுக்கு உட்பக்கம் மூன்று தாழ்ப்பாள் இருக்கிறது. நடுவில் இருப்பது பெரியது, அம்மா தனியாக வாங்கி அடித்தது. மூன்றும் துரு ஏறியிருந்தன. ஜூலைக்குப் பிறகு யாரும் போடவில்லை. எண்ணெய் விடலாமா என்று யோசித்தேன். விடவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

அக்கா அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "தினம் பண்றீங்கள்லண்ணே?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. அந்தப் பக்கம் இடது காது.

அக்டோபர் 5, ஞாயிறு

துணி துவைத்தேன். போர்வை இரண்டு. டிக்.

அக்டோபர் 12, ஞாயிறு

மண்டியில் அப்பாவோடு வேலைசெய்யும் கருத்தப்பாண்டி மாமா வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்தார். கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் தொடையில் தட்டினார்.

"ஏ சோலை, நூறு கிலோ மூட்டைய ஒத்த ஆளாத் தூக்குன. இப்ப ஒரு ஆரஞ்சுப் பழத்தத் தூக்க மாட்டேங்கற. உரிச்சு வேற குடுக்கணுமாக்கும்?"

அப்பா சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"உன் எடத்துக்கு ஒடிசாக்காரத் தம்பி ஒருத்தன் வந்துருக்கான். நல்ல புள்ளதான். ஆனா கொக்கி போடத் தெரியல, சாக்கக் கிழிச்சிர்றான். மொதலாளி உன்னையத்தான் கேக்காரு. எந்திரிச்சு வாய்யா. நீ மட்டும் எந்திரிச்சுட்டேன்னா எல்லாம் பழையபடி ஆயிரும்."

அம்மா காபி கொண்டுவந்தவள் நிலைப்படியிலேயே நின்றாள். "ஆமாண்ணே" என்றாள். "பழையபடி ஆகணும்."

மாமா போனபிறகு ஆரஞ்சை உரித்து ஒவ்வொரு சுளையாக அப்பாவுக்குக் கொடுத்தேன். மாலையில் பயிற்சி இல்லை. டிக்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினோம். அம்மா முறுக்கு சுட்டாள். போன தீபாவளிக்கு முறுக்கு டின் முற்றத்தில் கிடந்தது, எறும்பு தின்றது. இந்த வருடம் முறுக்கு மீந்து, மாரிக்கனி அத்தை வீட்டுக்கும் கொடுத்தோம்.

"என்ன மதினி, இந்தத் தடவ உங்க வீட்டுல வெடிச் சத்தமே கேக்கல" என்றார் அத்தை. அம்மா சிரித்துவிட்டாள். சிரித்தபிறகு வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். சிக்கு எடுக்கும்போது கேட்டாள்.

"அந்தப் பொண்ணு சொன்னதெல்லாம் பண்றியா?"

"ம்."

"அந்த ஆறு மாசம் எப்ப முடியுது?"

"ஜனவரி ஏழு. பொங்கலுக்கு முன்னாடி."

அம்மா இறுக்கமாகப் பின்னி ரிப்பன் கட்டினாள். வளையல் என் வலது காதுப் பக்கம் சத்தம்போட்டுக்கொண்டே இருந்தது.

நவம்பர் 17, திங்கள்

எட்டு நாளைக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. ஆறு குடம் பிடித்தேன். அந்த நேரத்தில் அப்பா கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து விழுந்துவிட்டார். தூக்கிவிட்டேன். இடுப்பில் கன்றியிருக்கிறது. மஞ்சள் போட்டேன்.

டிக்.

நவம்பர் 18, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன்.

நான் மூன்றாவது குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அப்பா ஏற்கெனவே விழுந்து கிடந்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், ஒருக்களித்து. வலது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. இடது கையால் ஜன்னல் சேலையின் நுனியைப் பிடித்திருந்தார். ரப்பர் பந்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் அதைப் பீரோவுக்கு மேல் வைத்திருந்தேன். அதை எடுக்கத்தான் எழுந்திருக்கிறார். எழுந்து, பீரோவரை நடந்து, எடுத்துக்கொண்டு திரும்பும்போது விழுந்திருக்கிறார்.

என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை.

நான் குடத்தை இறக்கிவைக்கவில்லை. இடுப்பில் வைத்தபடியே நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோபமும் இல்லை, பாவமாகவும் இல்லை. சுவரில் காரை பெயர்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அம்மாவின் தலை பட்ட இடம். அவர் தலைக்குச் சரியாக ஒரு சாண் மேலே இருந்தது.

குழாயடியில் நாலாவது குடத்தை வைத்துவிட்டு வந்திருந்தேன். அது நிறைந்து வழிந்து, மாரிக்கனி அத்தை "ஏ பேச்சி, தண்ணி வீணாப் போகுது" என்று சத்தம்போட்டார். இரண்டாவது முறை அவர் சத்தம்போட்ட பிறகுதான் குடத்தை இறக்கினேன்.

எங்கள் குழாயில் தண்ணீர் நூல்போலத்தான் வரும். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

நவம்பர் 19, புதன்

ஒன்றும் எழுதுவதற்கில்லை. ரசம் வைத்தேன்.

நவம்பர் 20, வியாழன்

ஜெசிந்தா அக்கா இன்று வெகு நேரம் இருந்தார்.

அப்பாவின் சட்டையைத் தூக்கி இடுப்பைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன. நீட்டினால் திரும்பவும் மடங்கிக்கொண்டன. பிறகு நோட்டை எடுத்து முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எல்லா டிக்கும் ஒரே சாய்வில், ஒரே மாதிரி இருந்தன. அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை.

"கை இறுகிப்போயிருக்கு. தெனம் ரெண்டு வேளை பண்ணுன கை இப்படி இருக்காது. என்ன நடக்குது இந்த வீட்டுல?" என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அப்பாதான் பேசினார். ஒரு வாக்கியம் சொல்ல அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் ஆகும்.

"பிள்ள... கூப்பிடும். நாந்தான்... மாட்டேம்பேன். வலிக்குதுன்னு... வைவேன். டிக்கு... நாந்தான்... போடச் சொன்னது."

"இடுப்புல என்ன?"

"நானா... விழுந்தேன். பிள்ள... ஓடியாந்து... தூக்குச்சு."

ஓடிவந்து என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொன்னார். முதல் முறை வாய் குழறிவிட்டது. அது சரியாக வரவேண்டும் என்று மறுபடியும் சொன்னார்.

அக்கா அவரை நன்றாகத் திட்டினார். "ஏண்ணே, மண்டியில மேஸ்திரி மூட்டையத் தூக்குன்னா வலிக்குதும்பீங்களா? சின்னப் பிள்ளையப் பொய் டிக்குப் போட வச்சிருக்கீங்க. வெக்கமா இல்ல? இன்னும் ஏழே வாரம்தான் கெடக்கு. அப்பறம் கை கட்டையாப் போயிரும், நான் வந்தும் புண்ணியமில்ல."

அப்பா தலை குனிந்து கேட்டுக்கொண்டார். யாரும் திட்டி அவர் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

அக்கா போனபிறகு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வெங்காயம் உரித்தேன். அதற்கு வந்தது.

நவம்பர் 21, வெள்ளி

காலை. பிடி மட்டும் செய்தோம். விரல்களை நீட்டும்போது அப்பா பல்லைக் கடித்தார். விடு வரவில்லை. கால் கொஞ்சம். நடை இல்லை.

பிடி, கால் இரண்டுக்கும் டிக் போட்டேன். மற்ற இரண்டு கட்டமும் காலி.

பயிற்சி நடுவில் அப்பா ஏதோ சொன்னார். என் இடது பக்கமாகச் சொன்னார்.

"அந்தப் பக்கம் சொல்லாதீங்க. அந்தக் காது கேக்காது" என்றேன்.

இதை அவரிடம் சொல்வது முதல் தடவை. அப்பா பந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து மடக்கி நீட்டினேன். பத்து தடவை.

நவம்பர் 24, திங்கள்

இப்போதெல்லாம் அப்பா என் வலது காது அவர் பக்கம் இருக்கும்படி உட்காரச் சொல்லிக் கையைக் காட்டுகிறார். பிறகுதான் பேசுகிறார்.

இன்று கேட்டுவிட்டேன். தரையைக் கூட்டிக்கொண்டே, அவரைப் பார்க்காமல்.

"அக்காட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

கூட்டி முடித்து முறத்தில் அள்ளினேன்.

"நீ... அடிக்கலையே... சும்மாத்தான... நின்ன" என்றார்.

குப்பையை வெளியே கொட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 27, வியாழன்

அக்கா நோட்டைப் பார்த்தார். இந்த வாரம் பாதிக்கு மேல் காலி. விடு வரிசை முழுவதும் காலி. திட்டுவார் என்று சுவரோரம் நின்றேன்.

"இப்பத்தான் இது நோட்டு மாதிரி இருக்கு" என்றார். என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். அவருக்கு எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. பின்பக்கத்தை அவர் திருப்பவில்லை. அது மட்டும் உறுதி.

டிசம்பர் 6, சனி

கால் நன்றாக வருகிறது. காலையில் கதவுவரை இரண்டு நடை. அப்பாவுக்குச் சட்டை நனைந்துவிட்டது. எனக்கும்.

டிசம்பர் 14, ஞாயிறு

அப்பா என் தோளைப் பிடிக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார். மாரிக்கனி அத்தை கைதட்டினார். "பாத்தியா மதினி, ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றார்.

"ஆமா மதினி" என்றாள் அம்மா. அவள் கண்கள் கலங்கியிருந்தன. உண்மையாகவே கலங்கியிருந்தன. பிறகு உள்ளே போய் வளையல்களைக் கழற்றி அலமாரியில் வைத்தாள்.

"மில்லுல இடிக்குது" என்றாள். இன்று மில் லீவு.

டிசம்பர் 16, செவ்வாய்

அம்மா சமைக்கும்போது நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நிறுத்திரவா?" என்றேன்.

எதை என்று அவள் கேட்கவில்லை. புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். கரைத்ததையே மறுபடியும் கரைத்தாள்.

"எங்கிட்டக் கேக்காத" என்றாள். "நான் ஒரு மாதிரி மனுசி. கோயிலுக்குப் போனா நல்லாகணும்னு கும்புடுறேன். வீட்டுக்கு வந்தா படுத்த எடத்துல தூங்குறேன். இம்புட்டு வருசத்துல இப்பத்தான் தூங்குறேன். எங்கிட்டப் போயி கேக்குற."

பிறகு, "உப்புப் பாரு" என்று குழம்பை என் உள்ளங்கையில் ஊற்றினாள். சரியாக இருந்தது.

டிசம்பர் 22, திங்கள்

நேற்று மாலை. ரசத்தில் உப்பு இல்லை. அப்பா தட்டை இடது கையால் தள்ளினார். தட்டு கட்டிலிலிருந்து விழுந்து உருண்டு, சமையலறை வாசல்வரை போய்ச் சுற்றிச் சுற்றி நின்றது.

நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் சமையலறைக்குள் இருந்தோம். எப்படி வந்தோம் என்று தெரியவில்லை. அம்மாவின் கை நடுத் தாழ்ப்பாளில் இருந்தது. துரு. நகரவில்லை.

வெளியே சத்தமில்லை. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். அப்பா இடது கையால் தரையில் கிடந்த சோற்றை எட்டி எட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பாதி எட்டவில்லை.

இன்று காலை அம்மா போனபிறகு மூன்று தாழ்ப்பாளுக்கும் தேங்காயெண்ணெய் விட்டேன். போட்டுப் போட்டு எடுத்தேன். சத்தமில்லாமல் வருகிறது இப்போது. கிண்ணத்தில் எண்ணெய் மிச்சம் இருந்தது. அதை அப்பாவின் வலது கையில் தடவி, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டேன்.

அப்பா கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்ததையெல்லாம் கட்டிலிலிருந்தே பார்த்திருக்கிறார்.

"நல்லா... விடு" என்றார். "எண்ணெய்."

கைக்கா, கதவுக்கா என்று நான் கேட்கவில்லை. இரண்டிலும் இன்னும் கொஞ்சம் விட்டேன்.

டிசம்பர் 25, வியாழன்

அக்காவுக்குப் பண்டிகை. வரவில்லை. காலை பிடி, கால், நடை. மாலை பிடி, கால், நடை.

டிசம்பர் 31, புதன்

பந்தைப் பிடித்தால் விரல்கள் பந்திலேயே நின்றுவிடுகின்றன. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கிறேன். பிடி முழுதாக வந்துவிட்டது. சொல்லப்போனால் நன்றாகவே வந்துவிட்டது.

ஜனவரி 3, சனி

காய்ச்சல் எனக்கு. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுப் போனார். பாதி வழியிலேயே கொட்டிவிட்டது. மீதியைக் குடித்தேன்.

அவர் வரும் சத்தம் கேட்டதும் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன். உடம்பு தானாகச் செய்தது. செம்பு வைக்கும் சத்தம் கேட்டபிறகுதான் விலக்கினேன். அவரும் அதைப் பார்த்திருப்பார்.

ஜனவரி 7, புதன்

இன்றோடு ஆறு மாதம்.

காலையில் பிடி, கால், நடை. மாலையில் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டுபோய்விட்டது. குனிந்து எடுக்க அலுப்பாக இருந்தது. பந்துக்குப் பதிலாக என் கையை நீட்டினேன்.

"பிடிங்க" என்றேன்.

மணிக்கட்டைப் பிடித்தார். முதலில் மெதுவாக. பிறகு இறுகியது. பழைய கை. அது எப்படி இருக்கும் என்று என் உடம்புக்குத் தெரியும். இடது காதில் சத்தம் கேட்டது. அங்கே சத்தம் கேட்க வழியில்லை, ஆனால் கேட்டது.

அம்மா மில்லிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். சமையலறை நிலைப்படியில் நின்றாள். ஒரு கை கதவில் இருந்தது.

"விடுங்க" என்றேன்.

வரவில்லை. அப்பா தன் கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையோ என் கையைப் பிடித்திருப்பதுபோலப் பார்த்தார். நெற்றி முழுக்க வியர்த்துவிட்டது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. இறுக்கம் இன்னும் கூடியது. எனக்கு வலித்தது. அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். நான் மற்றக் கையைத் தூக்கி, இரு என்று காட்டினேன்.

"விடுங்கப்பா."

ரொம்ப நேரம் ஆனது. குடம் நிறைகிற நேரம்.

சுண்டு விரல் முதலில் வந்தது. அடுத்து அதன் பக்கத்து விரல். பிறகு மற்ற இரண்டும் சேர்ந்தாற்போல வந்தன. கட்டை விரல் மட்டும் நரம்பின்மேல் அழுத்திக்கொண்டு நின்றது. இத்தனை நாளும் செய்ததுபோல அதை நானே பிரித்து எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கையை இழுக்கவும் இல்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டை விரலும் வந்தது.

அவர் கை கட்டிலில் விழுந்தது. என் மணிக்கட்டில் சிவப்பாக நான்கு கோடு.

"விட்டுட்டாரா?" என்றாள் அம்மா. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றவள்தான்.

"விட்டுட்டாரு" என்றேன்.

அம்மா தலையாட்டினாள். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கதவைச் சாத்தவில்லை. வளையல் அலமாரியில்தான் இருக்கிறது.

அப்பா இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நோட்டின் முன்பக்கத்தைத் திருப்பினேன். நவம்பரிலிருந்து காலியாகக் கிடந்த விடு வரிசையில், இன்றைய மாலைக்கு ஒரு டிக் போட்டேன். கோடு கட்டத்தைத் தாண்டிவிட்டது. நாளை காலைக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.